சிவப்பு வரிசை

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வில்லியனூருக்கு வரும் காலைப் பேருந்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண் ஏறுவாள். அவள் தோளில் தொங்கும் துணிப்பையினுள் வளைந்த மூக்குடைய நீண்ட கத்தரிக்கோல் ஒன்றும், அதைவிட நீளமான எஃகு இடுக்கி ஒன்றும், மதியச் சோற்றுக்கான தூக்கு ஒன்றும் இருக்கும். முதல் வாரம் அந்த இடுக்கியைக் கண்ட நடத்துநர், "இன்னாக்கா, பிரசவம் பாக்கப் போறியா?" என்று கேட்டார். "மீனு வூட்டுல தோட்ட வேலைப்பா" என்றாள் அவள். பேருந்தே சிரித்தது. அவள் சொன்னது முழு உண்மை என்பதை அங்கிருந்தோர் எவரும் அறியார்.

அவள் பெயர் ஆதிலட்சுமி. பாகூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவள். இருபத்து நான்கு ஆண்டுகள் நடவும் களையெடுப்புமாக வயல்களிலேயே கழித்தவள். முழங்கால் மூட்டு தேய்ந்து, சேற்றில் இனிக் கால் வைக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்ட பிறகு, கரிக்கலாம்பாக்கத்துச் சாலையோரம் பிரிட்டோ என்பவர் நடத்திவந்த கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். மீன்தொட்டிகளுக்குள் வளர்க்கும் நீர்ச்செடிகளை அங்கே பயிர் செய்து விற்றார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், விளக்கு வெளிச்சத்தில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் வளர்ந்திருந்த செடிகளை உற்றுப் பார்த்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது நீர்க்கிராம்பு. அது நீர்மேல்நெருப்பு. தோ, இது பிரம்மி. ஏம்பா பிரிட்டோ தம்பி, நாங்க கூலிக்கு வந்து புடுங்கிப் போடறத நீ லைட்டு போட்டு வளக்கிறியா?"

"சத்தமா சொல்லாதக்கா. வாங்க வர்றவன் காதுல வுழுந்தா எம்பொழப்பு போச்சு."

வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சென்று தொட்டிகளைப் பராமரிப்பது ஆண்களின் வேலையாகவே இருந்தது. ஆனால் வில்லியனூரில் ஒரு வீட்டிற்கு மட்டும் பெண்தான் போக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்த கௌஸ் பாஷாவின் ஒரே மகன் மாலிக், ஆடி மாதத்தில் தவளக்குப்பம் சந்திப்பில் லாரி மோதி இறந்துபோனான். மணமாகி ஒன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. அவன் மனைவி முஸ்கான் இத்தாவில் அமர்ந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அலங்காரம் ஏதுமின்றி, அயல் ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. மாலிக் தன் கையால் அமைத்த நான்கடி நீளத் தொட்டி அவள் இருந்த அறையிலேயே இருந்தது.

"ரெண்டு மாசமா வெட்டாம காடு மாரி கெடக்குதாம்" என்றார் பிரிட்டோ. "நான் போனா அந்தப் பொண்ணு ரூமை வுட்டு எழுந்து போவணும். போவ மாட்டேங்குதாம். லச்சுமிக்கா, நீதான் போவணும்."

இவ்வாறுதான் நடவுக்காரி ஒருத்தி தொட்டிக்காரி ஆனாள்.

மாலிக்கின் தொட்டி டச்சு முறையில் அமைந்தது. அதில் கல் இல்லை, மரக்கட்டை இல்லை, செடிகள் மட்டுமே. ஒவ்வோர் இனமும் தனித்தனி வரிசையாக, முன்புறத்திலிருந்து பின்புறத்துக்குச் சாய்வாக, தெருக்களைப் போல் ஓடும். முன்னால் இருப்பது குட்டை. அடுத்தது ஒரு விரல் உயரம் கூடும். கடைசியில் நிற்பது நீர்மட்டத்தைத் தொடும். ஒரு வரிசை மற்றொன்றின் மேல் உரசலாகாது. நடுவே ஒரு விரல் மணல் தெரிய வேண்டும். பச்சைக்குப் பக்கத்தில் அதே பச்சை நிற்கலாகாது. செடி உயர்ந்தால் கொழுந்தை வெட்டி எடுத்து, அடித்தண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெட்டிய கொழுந்தையே மீண்டும் அதே குழியில் நட வேண்டும். வாரம் தவறினால் தெருக்கள் கலந்து, கீழிலைகள் வெளிச்சமின்றி அழுகிப் போகும்.

ஆதிலட்சுமி முதல் வாரம் வெட்டி நட்டபோது, பழக்க தோஷத்தால் எல்லாவற்றையும் நாற்றங்கால் போல ஒரே மட்டமாக நட்டுவிட்டாள். அதைக் கண்டு அதுவரை வாய் திறவாதிருந்த முஸ்கான் முதன்முறையாகப் பேசினாள்.

"அக்கா, இது வயல் இல்லக்கா. படிக்கட்டு மாரி வரணும். இங்க பாருங்க." அவள் மாலிக்கின் கைப்பேசியில் இருந்த படத்தை நீட்டினாள். "அவரு ஸ்கேல் வெச்சு அளப்பாரு. நான் பக்கத்துல ஒக்காந்து கேலி பண்ணுவேன், செடிக்கு முடிவெட்டுற சலூன்காரருன்னு."

அன்றுமுதல் இருவரும் சேர்ந்தே வேலை செய்தனர். முஸ்கான் படத்தைப் பார்த்துச் சொல்வாள். ஆதிலட்சுமியின் கை செய்யும். அந்தக் கை நீருக்குள் இறங்கினால் ஒரு நாழிகையில் அறுபது தண்டுகளை நட்டு நிமிர்ந்துவிடும்.

ஐப்பசி கடைசிச் செவ்வாய். இரவெல்லாம் மழை பெய்து தெருவில் கணுக்கால் நீர் நின்றது. ஆதிலட்சுமி புடவையை உதறிக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது முஸ்கான் தொட்டியின் முன் தரையில் அமர்ந்திருந்தாள். அருகில் இடியாப்பத் தட்டு அப்படியே காய்ந்து கிடந்தது.

"இன்னா பாப்பா, சாப்புடலியா?"

"அக்கா, அந்தச் சிவப்பைப் பாருங்க."

தொட்டியின் வலப்புறம், பச்சைகளுக்கு நடுவே, பார்ப்பவர் கண்ணை முதலில் இழுக்கும்படி ஓடிய சிவப்பு வரிசை நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஆதிலட்சுமி கையை விட்டு ஒரு தண்டைத் தொட்டாள். அடி கறுத்து, வெந்த கீரைத்தண்டு போல வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததும் அவ்வாறே. செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டும் உருளையின் முள்ளைப் பார்த்தாள். அது பூஜ்யத்தில் கிடந்தது. எத்தனை நாளாகவோ வாயு தீர்ந்திருந்தது; இருவருமே அதைக் கவனிக்கவில்லை. மற்றச் செடிகள் தாங்கிக்கொண்டன. சிவப்புக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

"இதைக் கடைசியாதான் நட்டாரு" என்றாள் முஸ்கான். "வியாழக்கெழம நட்டாரு, சனிக்கெழம போயிட்டாரு. அக்கா, ஒண்ணு கேக்கறேன். தலையை வெட்டி வெட்டி நடறோமே, அது அவரு நட்ட அதே செடிதான?"

"அதேதான் பாப்பா. வேற எங்கேந்து வரும்? அதும் ஒடம்புதான் வளருது."

"இன்னும் பதினெட்டு நாளு. இத்தா முடிஞ்சதும் எங்கத்தா பண்ருட்டிக்கு, எங்கம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுவாரு. தொட்டி வராது. மாமி அதைத் தர மாட்டாங்க. அவங்களுக்கும் அவரு புள்ளை இல்லியா. ஒவ்வொண்ணுலயும் ஒரு கொழுந்து எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டாங்க. எல்லாத்துலயும் எடுத்துப்பேன். ஆனா இந்தச் சிவப்பு எனக்கு வேணும்க்கா. எனக்காக வெச்சது இது. கல்யாணப் பொடவை கலருன்னு சொல்லி வெச்சாரு."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆதிலட்சுமி தேற்றியிருப்பாள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவள் மூச்சு விட்டதில், அந்த இடத்தில் ஆவி படர்ந்து சிவப்பு மறைந்தது.

மாமியார் சல்மா தேநீர்க் குவளையுடன் வாயிற்படியில் வந்து நின்றாள். "நீயாவது சொல்லும்மா ஆதிலச்சுமி. மூணு நாளா வெறும் டீத்தண்ணி. நான் புள்ளையத்தான் பறிகுடுத்தேன். இவளையும் பறிகுடுத்துட்டு, பொண்ணைப் பெத்த இவ அத்தாவுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

"பொழைக்க வெச்சுடலாம் பாப்பா" என்றாள் ஆதிலட்சுமி. "மேல கொழுந்து நல்லா கீது. வியாழக்கெழம வந்து வெட்டி நட்டுத் தரேன். நீ எழுந்து சாப்புடு."

கொழுந்தும் நன்றாக இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பொய் அவள் வாயிலிருந்து எவ்விதத் தடையுமின்றி வெளிப்பட்டது.

மறுநாள் விடியலில் மழை ஓய்ந்திருந்தது. கொட்டகையில் செடி கேட்டால் எதற்கென்று பிரிட்டோவிடம் சொல்ல வேண்டிவரும். தன் ஊர்ப் புறத்தே மாரிமுத்து குத்தகைக்கு எடுத்திருந்த சம்பா வயலின் வடிவாய்க்காலில் ஆதிலட்சுமி முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இறங்கினாள். தெளிந்த நீருக்கடியில், ஒருகாலத்தில் அவள் பிடி பிடியாகப் பறித்து வரப்பில் எறிந்த அதே களை, தொட்டிச் செடியைப் போலவே செக்கச் சிவந்த மெல்லிலைகளோடு அசைந்துகொண்டிருந்தது. நீருக்குள்ளேயே வளர்ந்தவற்றை மட்டும் தேர்ந்து, வேர் அறாமல் மண்ணைத் தளர்த்தி, முப்பது தண்டுகளைப் பறித்தாள். எடுத்துச் செல்லப் பாத்திரம் இல்லை. மோட்டார்க் கொட்டகையின் மூலையில் கவிழ்த்துவைத்திருந்த நீல நிற வாளியை எடுத்து, வாய்க்கால் நீரில் இருமுறை அலசினாள்.

மாரிமுத்து வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாடி லச்சுமி, கீரைக்கா?"

"மீனுக்குண்ணே."

"மீனு இன்னாத்த பொரியலா கேக்குது?" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். வாளி எதற்குப் பயன்பட்டது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழனன்று அவள் நிரப்பிய வாயு உருளையோடும் மூடியிட்ட வாளியோடும் வந்து சேர்ந்தாள். முஸ்கான் ளுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்காகப் பக்கத்து அறைக்குச் சென்ற அந்தக் கால் மணி நேரத்தில் காரியத்தை முடித்தாள். அழுகிய வரிசையைப் பிடுங்கி நெகிழிப் பையில் திணித்தாள். வாய்க்கால் தண்டுகளை ஒரே அளவில் நறுக்கி, படிக்கட்டு முறை தவறாமல், சாய்வாக நட்டாள். அவளுடைய வாழ்நாளில் அவ்வளவு சீரான நடவை அவள் நட்டதில்லை. தண்டுகள் வாடிவிடக் கூடாதே என்று அவை ஊறிக்கிடந்த நீரையும் வாளியோடு சாய்த்துத் தொட்டியில் ஊற்றினாள்.

தொழுகைத் துணியைத் தலையிலிருந்து நீக்காமலேயே முஸ்கான் வந்து நின்றாள். நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"அக்கா! இன்னாக்கா பண்ணீங்க?"

"கொழுந்தை வெட்டி நட்டேன். அவ்ளோதான்."

"எலை கொஞ்சம் அகலமா தெரியுது?"

"கேஸ் வந்துடுச்சில்ல. தெம்பா வருது."

முஸ்கான் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "மாமி, பசிக்குது" என்று குரல் கொடுத்தாள். சல்மா ஓடிவந்து தொட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய்ச் சோறும் தால்ச்சாவும் இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "நீயும் சாப்புடு ஆதிலச்சுமி. உங்கையி நல்லா இருக்கணும்." ஆதிலட்சுமி அந்தச் சோற்றை வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து இறக்கினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சல்மாவின் குரல் உயர்ந்து கேட்டது. உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தவள் கையிலிருந்த பையைத் தரையில் வைக்கவும் மறந்தாள்.

இலைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. கொழுந்துகள் கொக்கி போல் வளைந்து, தண்டுகள் வீங்கி வெடித்து, நிறம் வெளுத்து, ஒவ்வொரு தெருவும் கூழாகச் சரிந்துகொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, வெளிர்பச்சை என்ற பேதமே இல்லை. பின்மூலையில் நின்ற புல் போன்ற நீண்ட இலைச் செடி ஒன்று மட்டும் எவ்விதக் குறையுமின்றி நிமிர்ந்து நின்றது. கூழுக்கு நடுவே சின்ன மீன்கள் ஏதும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தக் காட்சியை ஆதிலட்சுமி நூறு முறை கண்டிருக்கிறாள். களை மருந்து தெளித்த ஐந்தாம் நாள் வயல் இப்படித்தான் இருக்கும். அகல இலைகள் யாவும் முறுக்கிச் சாகும். புல்லினமான நெல் மட்டும் நிற்கும். நீல வாளி அவள் கண்முன் வந்தது. மாரிமுத்து எதைக் கலக்க அந்த வாளியை வைத்திருந்தார் என்பது, கேளாமலே, இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தர் பூசலாமா?" சல்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "இத்தாவுல இருக்கறவ அத்தர் தொடலாமாடி? அந்தக் கையை எம்புள்ளை தொட்டியில வுட்டியே!"

முஸ்கான் சுவரோடு ஒட்டி நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "பூசிக்கலக்கா" என்றாள், ஆதிலட்சுமியிடம் முறையிடுவது போல. "சனிக்கெழம மனசு கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அவரு அத்தர் பாட்டிலைத் தெறந்து மோந்து மட்டும்தான் பாத்தேன். வெரல்ல பட்டுடுச்சு. அதோட ஒரு எலையை எடுக்கத் தண்ணியில கையை வுட்டேன். ஞாயித்துக்கெழமலேந்து இப்பிடி ஆவுது. அல்லா எனக்குக் காட்டிட்டான். நான் சிரிச்சிருக்கக் கூடாது. அவரு மண்ணுக்குள்ள கெடக்க நான் சிரிச்சேன்."

ஆதிலட்சுமி கைப்பேசியில் பிரிட்டோவை அழைத்துத் தொட்டியைக் காட்டினாள். அவர் முகம் திரையில் நெருங்கி வந்தது.

"அடக் கடவுளே. லச்சுமிக்கா, புதுசா ஏதாவது உள்ள போட்டீங்களா? ஒரம், மருந்து, வெளித்தண்ணி?"

"இல்ல" என்றாள் அவள்.

"அப்ப அத்தரா இருக்குமோ இன்னாவோ. தண்ணியை முழுசா மாத்துங்க. ஆனா வெந்தது வெந்ததுதான், திரும்பாது."

"கேட்டியா?" என்றாள் சல்மா. அவள் குரலில் கோபம் வற்றி, அதைவிடக் கொடிய சோர்வு வந்திருந்தது. "உங்கையாலயே அவனைத் துடைச்சுட்ட."

முஸ்கான் தன் வலக்கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். மூன்றாவது அறையில் விரல்கணு கிழிந்து, வெள்ளைச் சுவரில் இரத்தம் படிந்தது. சல்மா அலறிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

"அத்தர் இல்லம்மா" என்றாள் ஆதிலட்சுமி.

இருவரும் திரும்பவில்லை. அவள் மீண்டும் உரக்கச் சொன்னாள். "அத்தர் இல்ல. நாந்தான். அந்தப் பொண்ணை அடிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. நாந்தான் கொன்னேன்."

பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. சிவப்பின் கொழுந்தும் அழுகியிருந்ததை, வாய்க்காலில் இறங்கியதை, வாளியை, ஊற்றிய நீரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நின்ற நிலையிலேயே கூறினாள். கைப்பேசியில் பிரிட்டோ இன்னமும் இருந்தார். அவர் அழைப்பைத் துண்டித்தார்.

சல்மாதான் முதலில் பேசினாள். "சோறு போட்டனே" என்றாள். "உங்கையி நல்லா இருக்கணும்னு வாயால சொன்னனே."

முஸ்கான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப, வியாழக்கெழம நான் பாத்து அழுதது?"

"களை பாப்பா. வாய்க்கால்ல தானா மொளைச்சது."

"அவரு நட்டது இல்ல."

"இல்ல."

"அவரு நட்டத இன்னா பண்ணினே?"

அதுவரை 'அக்கா' என்றும் 'நீங்க' என்றும் அழைத்த வாய் ஒருமையில் கேட்டது. தொட்டி செத்ததைவிட அந்தக் கேள்வியே அவ்வறையில் பெரிதாக நின்றது. ஆதிலட்சுமி தலை குனிந்து, "கவருல போட்டு எடுத்துக்கினு போனேன். கொட்டாயில கழிவு டப்புல கொட்டிட்டேன்" என்றாள்.

"போ. இந்தப் படியை இனிமே மிதிக்காத" என்றாள் சல்மா.

"போவட்டும் மாமி" என்றாள் முஸ்கான். "ஆனா அதைக் கொட்டின எடத்துக்குப் போவட்டும்."

பிரிட்டோவின் கொட்டகைக்குப் பின்னால், தென்னங்கீற்று நிழலில், வாடிக்கையாளர் தொட்டிகளிலிருந்து வெட்டிக் கொணரும் கழிவுகளைக் கொட்டும் பெரிய கறுப்புத் தொட்டி ஒன்று உண்டு. மாதத்துக்கொரு முறை அது எருக்குழிக்குப் போகும். ஆதிலட்சுமி முழங்கை வரை அதற்குள் கையை விட்டாள். அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கொசுப்புழுக்கள் விரலிடுக்கில் நெளிந்தன. பிடி பிடியாக அள்ளி, தரையில் விரித்த சாக்கில் பரப்பி, ஒவ்வொரு தண்டாக நசுக்கிப் பார்த்தாள். தூறல் விழத் தொடங்கியது, அவள் எழவில்லை.

பிரிட்டோ குடையோடு வந்து பின்னால் நின்றார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "இன்னாக்கா தேடுற?" என்றார்.

"மாலிக் தம்பி சிவப்பு."

"போன வாரம் மட்டும் அஞ்சு தொட்டி சிவப்பு இதுல வுழுந்துருக்கு. எது யாருதுன்னு சாமியே வந்தாலும் சொல்ல முடியாது."

அவள் தேடினாள். நசுங்காத தண்டுகள் மூன்று கிடைத்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், இலை இல்லை, கணுவில் மட்டும் ஊசிமுனை அளவுக்குச் செந்நிறப் புடைப்பு. அவள் அவற்றை ஈரத் துணியில் வைத்தாள்.

"இதையா குடுக்கப் போற?" பிரிட்டோ கொட்டகைக்குள் சென்று ஒரு கிண்ணத்தோடு திரும்பினார். அதில் ஆரோக்கியமான சிவப்புச் செடி தழைத்து நின்றது. "இதே ரகம்தான். சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்கிட்டதான் வாங்கினான் அந்தப் பையன். இதைக் கொண்டுபோயி, கழிவுலேந்து பொழைச்சு வந்துச்சுன்னு சொல்லு. அந்தப் பொண்ணு ஒரு வாய் சோறு சாப்புடும். இதுல இன்னா பாவம் கீது?"

அவள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். பண்ருட்டியில் ஏதோ ஒரு சன்னலோரம் அது நிற்பதும், அதன்முன் முஸ்கான் அமர்ந்திருப்பதும் அவள் மனத்தில் வந்து போயின. யாருக்கும் தெரியப் போவதில்லை. கை தானாக நீண்டது. கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது.

"போன தடவையும் இப்பிடித்தான் தம்பி நெனைச்சேன்" என்று சொல்லி அவள் கையை இழுத்துக்கொண்டாள். "கொஞ்சம் கழுவின மணல் மட்டும் குடு."

அவள் வில்லியனூரில் இறங்கியபோது மாலை நேர அஸர் தொழுகைக்கான பாங்கொலி கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த சல்மா அவளைக் கண்டதும் மூடப் போனாள். சேறும் அழுகலும் அப்பிய அந்தப் புடவையையும், கையிலிருந்த ஈரத் துணியையும் கண்டு மூடாமல் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. விரலில் துணி சுற்றிய கையோடு முஸ்கான் நடைக்கு வந்தாள்.

ஆதிலட்சுமி வாசற்படிக்கு வெளியே நின்றே துணியை விரித்தாள்.

"இது அவருதா?"

"தெரியாது பாப்பா."

"சத்தியம் பண்ணிச் சொல்லு."

"பண்ண மாட்டேன். அஞ்சு தொட்டிக் கழிவு அதுல கெடந்துச்சு. இருக்கலாம், இல்லாமலும் போவலாம். பிரிட்டோ தம்பி கொட்டாயில நல்ல செடி தந்தாரு. அது அவருது இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும், அதனால வாங்கல. இதை அப்பிடி இல்லன்னு சொல்ல என்னால முடியல. என்னால ஆனது இவ்ளோதான்."

முஸ்கான் அந்த மூன்று தண்டுகளையும் குனிந்து பார்த்தாள். தெருவில் போன ஐஸ் வண்டி மணியடித்து, முனை திரும்பி, மணியொலியும் தேய்ந்து போயிற்று.

சல்மா உள்ளே போனாள். கதவைச் சாத்தத்தான் போகிறாள் என்று எண்ணி ஆதிலட்சுமி துணியை மடிக்கத் தொடங்கினாள். ஆனால் சல்மா ஊறுகாய் வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று முறை கழுவி, மோந்து பார்த்து, குழாயில் நீர் பிடித்து, அந்த நீரில் ஒரு மிடறு தானே குடித்தாள். சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு ஜாடியை மருமகளின் முன் படியில் வைத்தாள்.

"இதுல ஒண்ணும் இல்ல. குடிச்சுப் பாத்துட்டேன்" என்றாள், யாரையும் பாராமல்.

ஆதிலட்சுமி மணலை இட்டாள். இடுக்கியை எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது முஸ்கானின் கை நீண்டது. எஃகு இடுக்கி அந்தக் கைக்கு மாறியது. முதல் தண்டை அவள் நட்டாள். அது மிதந்து மேலே வந்தது. மறுபடி நட்டாள், மறுபடி வந்தது. சாய்த்து அழுத்தி, மணலை ஒதுக்கி, இடுக்கியைத் தளர்த்தாமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். ஆதிலட்சுமி தன் இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

நான்காம் முறை அது நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதை எடுக்கும்போது முஸ்கானின் விரலில் சுற்றிய துணி நனைந்து, அதிலிருந்து மெல்லிய சிவப்பு நீரில் இழையாகக் கலந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"பதினொரு நாள்ல துளிருமாக்கா?"

"தெரியாது பாப்பா" என்றாள் ஆதிலட்சுமி.